உப்புத்தாள்

அவன் கட்டைவிரல் நிற்கவில்லை.

காவல் நிலைய மேசையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் வார்னிஷ் ஏற்கெனவே போயிருந்தது. அவனுக்கு முன்னாலும் பலர் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

மேசைமேல் இரண்டு ரிவால்வர்கள்.

தேர்தல் தேதி அறிவித்தாகிவிட்டது. லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஜனநாயகம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அவனுக்குப் போடிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம். மாலை நேரம் நிறைய. பழைய ரிவால்வர் சேர்ப்பது பித்து. சட்டம் இரண்டுக்குமேல் விடாது என்பதால் பித்தும் இரண்டோடு நின்றது. இரண்டாலும் ஒரு கொசுவைக்கூடச் சுட்டதில்லை.

முதலாவதை ஏட்டு சுருளிவேல் கையிலெடுத்தார். துரு. விரிசல் விட்ட கைப்பிடி. குழலில் பொறித்த எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. லைசென்ஸோடு ஒப்பிட்டார். எழுதினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இனி இரண்டாவது.

இதற்குத்தான் அவன் நாற்பது மாலைகளைக் கொடுத்திருந்தான். தோதகத்தி மரத்தில் புதுக் கைப்பிடி. குழலுக்குக் கருநீல மெருகு. மெருகுக்கு முன்னால் உப்புத்தாள். முதலில் முரடு, அப்புறம் நைஸ், அப்புறம் ஜீரோ. நூறு வருஷத்துக் கறை போனது.

எண்ணும் போனது.

கண்ணாடிபோல மின்னிய பிறகுதான் கவனித்தான். எண் அழிந்த துப்பாக்கி, சட்டத்தின் கண்ணில் கள்ளத்துப்பாக்கி. முதலில் ரிவால்வர் உள்ளே போகும். பின்னாலேயே அவனும் போவான்.

ஏட்டு அதைப் புரட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார்.

"என்ன சார், கல்யாணத்துக்குக் கெளப்புன மாதிரில்ல வச்சிருக்கீங்க?"

அவன் சிரித்தான். சிரிப்பு தேவைக்குமேல் நீண்டது.

"நம்பர் எங்கிட்டு இருக்கு?"

"அதுலதான் இருக்கு ஏட்டய்யா. குழலுக்குக் கீழ."

"கண்ணுல புரை சார். எனக்கு இது கடைசி எலெக்சன். மே மாசம் ரிட்டயரு. ஆப்பரேசன அதுக்கப்புறம் வச்சுக்குவோம்னு இருக்கேன். இந்தாங்க, நீங்களே வாசிங்க."

ரிவால்வர் அவன் கைக்கு வந்தது.

குழலுக்குக் கீழே பார்த்தான். அவன் மூக்கு தெரிந்தது.

ஏழு வருடமாக மனப்பாடமான எண். வாசித்தான். நடுவில் ஒருமுறை கண்ணைச் சுருக்கினான், தேய்ந்துபோன எண்ணைப் படிப்பவனைப்போல. அவனுக்கே அவன்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஏட்டு லைசென்ஸை முகத்தோடு ஒட்டிப் பார்த்தார். தலையாட்டினார். கார்பன் வைத்து ரசீது எழுதினார். எண். கீழே, 'நேரில் சரிபார்க்கப்பட்டது.' கையெழுத்து. அடித்தாளைக் கிழித்து நீட்டினார்.

"பத்திரம் சார். இதக் காட்டுனாத்தான் துப்பாக்கி."

வாசலுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

எண் இருந்தது என்று போலீஸே எழுதிக் கொடுத்துவிட்டது. இனிமேல் எண்ணைக் காணோம் என்றால், அது ஸ்டேஷனில்தான் காணாமல் போயிருக்க வேண்டும். கேள்வி சுருளிவேலிடம் வரும். மே மாதம். பென்ஷன் காகிதங்களோடு சேர்ந்து.

திரும்பிப் பார்த்தான். ஜன்னலுக்குள் ஏட்டு அந்த ரிவால்வரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். துருப்பிடித்ததற்கு ஒரு சுற்று. இதற்கு மூன்று.

உள்ளே போய்ச் சொல்லிவிடலாம். ஒரு நிமிட வேலை.

ஜெயில் ஒரு நிமிட வேலை அல்ல.

ஒரு படி இறங்கினான். ஒரு படி ஏறினான். பாரா நின்ற போலீஸ்காரர் அவனைப் பார்த்தார். ரசீதைச் சட்டைப்பைக்குள் திணித்தான். எடுத்தான். திணித்தான். கை வெளியே வரவில்லை. உள்ளே கட்டைவிரல் தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

இறங்கினான். தெருமுனைவரை நடந்தான்.

இன்னொரு முறை படித்தால் மனம் அமையும் என்று தோன்றியது. ரசீதை விரித்தான்.

பெயர் இருந்தது. தேதி இருந்தது. ஏட்டின் கையெழுத்து இருந்தது.

எண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் இருந்தது.

விரலை எடுத்துப் பார்த்தான். எண் இல்லை.

கார்பன் மையின் கருநீலம். நல்ல மெருகு.