மகன் துடைக்கும் கம்ப்யூட்டர்

“ஆமை வேகத்துல போகுது. ஒரேயடியா நின்னுடுமோன்னு பயமா இருக்கு தம்பி” என்றார் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர்.

மெக்கானிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது மணி ஐந்து. திரையில் தானாக ஒரு பெட்டி திறந்தது. ‘குப்பைகள் தேடப்படுகின்றன’ என்று பச்சைக் கோடு ஒன்று நகர ஆரம்பித்தது.

“வந்துட்டான்!” சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார் ஸ்டேஷன் மாஸ்டர். “என் பையன். வெளிநாட்டுல இருக்கான். தினமும் அங்கிருந்தே இதைத் துடைச்சு வெச்சுட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.”

பிறகு திரையைப் பார்த்து, “சாப்டியாடா? எனக்கு முட்டிவலி தேவலை. மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறேன்” என்றார்.

கோடு அதுபாட்டுக்கு நகர்ந்தது.

பேப்பர் படிக்க வந்திருந்த எதிர்வீட்டு அம்மா பெருமூச்சு விட்டாள். “பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும் தம்பி. எனக்கும் ரெண்டு இருக்கு, இதே ஊர்ல. எட்டிப் பார்க்குதுங்களா?”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. யாரும் எங்கிருந்தும் துடைக்கவில்லை. குறித்த நேரத்தில் தானே விழித்து, தானே துடைத்து, தானே மூடிக்கொள்கிற சாதாரண சாஃப்ட்வேர் அது. ஒரு போன் பண்ணச் சோம்பல்பட்டு, டைமரை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறான் உத்தம புத்திரன்! பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்?

சொல்லிவிடலாமா? சொன்னால், பாவம், பேச்சுத்துணைக்கு இந்தக் கோடுகூட அவருக்கு மிஞ்சாது.

எதிர்வீட்டு அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். இனிமேலும் மறைக்க அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“சார், மெதுவாப் போறதுக்குக் காரணமே இந்த க்ளீனர்தான். ரொம்பப் பழசு. எடுத்துட்டா ஜம்முனு ஓடும்.”

“ஐயையோ, அதை மட்டும் எடுத்துடாதீங்க! வேற எதை வேணும்னாலும் எடுங்க.”

“தப்பா நினைக்காதீங்க சார். இதைத் தினமும் பண்றது உங்க பையன்னு நீங்க நம்பிட்டிருக்கீங்க. ஆனா...”

“அவன் இல்லை. தெரியும்.”

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தாழ்ந்துவிட்டது.

“அவன் என்கிட்ட பேசியே ரெண்டு வருஷமாச்சு தம்பி. அந்தம்மா பேப்பர் படிக்க வர்ற நேரமாப் பார்த்து டைமர் வெச்சது நான்தான். என் பிள்ளையை வெளியில யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசிடக் கூடாது பாருங்க!”