குடுவைக்குள் கட்டிப்பால்

1984இல் ஈப்போவுக்கு மேலேயுள்ள மலையுச்சியில், பூச்சி தின்னும் குடுவைச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

"சூடு வருசா வருசம் மேல ஏறுதுண்ணே. அம்பது வருசத்துல இந்த உச்சியும் கீழ உங்க ரப்பர் தோட்டம் மாதிரி சூடாயிடும். அப்புறம் இதுங்க எங்க போவும்?" என்றாள் ஆராய்ச்சிக்கு வந்த தமிழ் மாணவி கெர்ட்ரூட்.

பால்மரம் வெட்டிய பழக்கத்தில், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைப்பதுபோல் ஒரு குடுவைக்குள் விரலை விட்டேன். அழுகிய பூச்சிதான் இருக்குமென்று நினைத்தேன். கொழகொழவென்று ரப்பர் கட்டி வந்தது. தோட்டத்தில் நாறிய அதே புளித்த பிணநாற்றம்.

"சீ, என்னாண்ணே இது?"

"கட்டிப்பால்லா. மங்குல உறைஞ்சு போன ரப்பர் பாலு."

எங்கள் தோட்டத்து மரங்களையெல்லாம் சாய்த்து ஐந்து வருடமாகியிருந்தது. விரலை எத்தனை இலையில் தேய்த்தும் நாற்றம் போகவில்லை.

செடியின் மெல்லிய தண்டில், பால்மரத்தில் போடுவதுபோல் சாய்வாக ஒரு வெட்டு, ஆனால் வழக்கத்துக்கு மறுபக்கமாக. பால் இன்னும் கசிந்தது. இடது கைக்காரன் வெட்டு அது. எங்கள் தோட்டத்தில் இடது கைக்காரன் நான் ஒருவன்தான்.