இருபத்தைந்தாவது எழுத்து

“முழுப் பேரையும் அடிங்க சார். ஒரு எழுத்து விட்டுடாதீங்க” என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார் சின்னையா.

முழுப் பேர் என்பது திருவெள்ளறை முத்துக்கருப்பன் சின்னையா மயிலம்மாள். ஊர், தாத்தா, அப்பா, கடைசியில் போனால் போகிறதென்று பெண்.

பிலோமின்ராஜின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. முதலாளி ஹபீபுல்லாவுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. புரோகிராம் எழுதிய பிலோமின்ராஜ் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். இந்த இருவரையும் நம்பித்தான் ஜில்லாவே கல்யாணம் செய்துகொண்டிருந்தது.

வாசலில் ‘கம்ப்யூட்டர் பொய் சொல்லாது’ என்று போர்டு. வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, மானிட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள்.

மயிலம்மாளுக்கு வயது முப்பத்தொன்று. ஒன்பது வரன்கள் வந்தன. ஒன்பதும் பஜ்ஜி காபியை முடித்துவிட்டு, செவ்வாய் தோஷம் என்று தெரிந்ததும் எழுந்து போயின.

தோஷமுள்ள பெண்ணுக்குத் தோஷமுள்ள பையன் கிடைத்தால் தீர்ந்தது. இரண்டும் சரிக்குச் சரி என்று எந்தத் தெருமுனை ஜோசியரும் சொல்வார். ஆனால் ஆறு மாதமாக ஜில்லாவில் அப்படி ஒரு பையன்கூட அகப்படவில்லை. ஆண்களின் ஜாதகத்தை விட்டுச் செவ்வாய் மொத்தமாகக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகத் தரகர்கள் சொன்னார்கள்.

இன்று பத்தாவது வரன். பையனின் அம்மா இருசம்மாள் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் ஜாதகம்தான் வேண்டும், அதுவும் தன் கண்முன்னால் அடிக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிஷன்.

பிலோமின்ராஜின் விரல்கள் நின்றதற்குக் காரணம் இருந்தது. அன்று காலையில்தான் தன் புரோகிராமில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தான்.

கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் பெயருக்கு இருபத்துநாலு இடம் ஒதுக்கியிருந்தான். அதற்கு அடுத்த இடம் செவ்வாய்க்கு. தோஷம் இருந்தால் அங்கே ஒரு குறி உட்கார்ந்திருக்கும். பெயரைக் கம்ப்யூட்டர் கடைசியில்தான் கேட்கும். இங்கிலீஷில் இருபத்துநாலு எழுத்துக்கு மேல் அடித்தால் ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல வைக்க மறந்துவிட்டான்.

டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் நெருக்கி உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஓரத்தில் இருந்தவர் எழுந்து போவார். இருபத்தைந்தாவது எழுத்து வந்து உட்கார்ந்ததும் செவ்வாய் எழுந்து போனார். குறியைக் காணாத கம்ப்யூட்டர், போர்டில் உள்ளபடி கொஞ்சமும் பொய் சொல்லாமல், ‘தோஷம் இல்லை’ என்று அடித்துக் கொடுத்தது.

திருத்திய பிளாப்பிதான் இப்போது மெஷினுக்குள் இருந்தது. காலையிலிருந்து அவனுக்குத் தன்மேல் ரொம்பப் பெருமை.

இப்போதுதான் உறைத்தது. ஆறு மாதமாக ஜனங்கள் தாத்தா பேர், பூட்டன் பேர், குலதெய்வத்தின் பேரெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். முன்னோர்மேல் என்ன பக்தி என்று அவன் நெகிழ்ந்துகூடப் போயிருந்தான். புரோகிராம் எழுதியவனுக்கு இன்று காலையில் தெரிந்த விஷயம், தரகர்களுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இந்தப் பிளாப்பியோடு என்டரைத் தட்டினால் பத்தாவது வரனும் எழுந்து போகும்.

“தாத்தா பேரு பத்தலைன்னா பெரியப்பா பேரையும் சேத்துக்கலாங்க” என்றாள் அப்பாவின் பின்னால் நின்றிருந்த மயிலம்மாள். அவள் சிரிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிலோமின்ராஜுக்குக் காலையிலிருந்து இருந்த பெருமை முழுவதும் வெட்கமாகிவிட்டது.

மெஷின் சூடாகிவிட்டதென்று சொல்லி அணைத்தான். திருத்திய பிளாப்பியை உருவிவிட்டுப் பழையதைச் செருகினான். எல்லாவற்றையும் மறுபடி அடித்தான். பெரியப்பாவுக்கு வேலை இருக்கவில்லை.

தோஷம் இல்லை.

இருசம்மாள் அந்த வரியைக் கண்ணாடி போட்டு ஒரு தடவையும் கழற்றிவிட்டு ஒரு தடவையும் படித்தார். பிறகு மகன் பிறந்த தேதியையும் நேரத்தையும் சொன்னார்.

திரையில் கட்டங்கள் வந்தன. நாலாயிரம் ஜாதகம் அடித்தவனுக்குக் கட்டத்தைப் பார்த்தாலே போதும். ஏழாம் இடத்தில் செவ்வாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

பிலோமின்ராஜ் பையனின் பெயரைக் கேட்டான்.

இருசம்மாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “பொன்மலை அடைக்கலம் மருதை மதுரைவீரன். முழுசா அடிங்க தம்பி, ஒரு எழுத்து விடக் கூடாது.”

காலி செய்துகொண்டு போன செவ்வாயெல்லாம் எங்கே போனதென்று பிலோமின்ராஜுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு எழுத்து விடாமல் அடித்தான். பிரிண்டர் இரைந்தது.

தோஷம் இல்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சின்னையா, விவரம் தெரியாத அம்மா, பாவம் என்று இருசம்மாளைப் பார்த்தார். இருசம்மாளும் அவரை அதே மாதிரிதான் பார்த்தார். தையில் முகூர்த்தம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே சந்தைத் தாண்டிப் போனார்கள். மயிலம்மாள் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

உண்மையை அடித்திருந்தாலும் இதே முகூர்த்தம்தான்.

பிலோமின்ராஜ் திருத்திய பிளாப்பியை எடுத்து, அதன்மேல் ‘பழுது’ என்று எழுதி, அலமாரியின் அடித்தட்டில் போட்டான்.