பச்சைக் கட்டை

அமிர்தி சாலையில் கோவிந்தனின் சுட்ட கோழிக் கடை. கனன்ற கரியின் மேல் அவர் பச்சைச் சீமைக்கருவேலக் கட்டையைப் போட்டார். புகை மண்டியது.

"கறி கசக்குது, கண்ணு எரியுது! காஞ்ச கட்டை இல்லியா?" என்று ஒரு வாடிக்கையாளர் கத்தினார்.

"இல்லீங்க," என்றார் கோவிந்தன்.

கோழியைப் புரட்டிக்கொண்டிருந்த பாஞ்சாலை அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். புருஷன் செத்து இருபது நாள், கண்ணீர் நிற்கவில்லை. "அழுமூஞ்சிக்கு வேலை இல்லை" என்று இதற்கு முன் வேலை பார்த்த கடையில் துரத்திவிட்டார்கள். இதுவும் போனால் பிள்ளைகள் பட்டினி.

வாடிக்கையாளர் அவளை உற்றுப் பார்த்தார். "இன்னாம்மா, அழுவுறியா?"

"பொகைங்க," என்றார் கோவிந்தன் சட்டென்று.

கடை ஓய்ந்ததும் கரி அள்ளப் போனாள். சாக்குக்குப் பின்னால் காய்ந்த கட்டைகள் அடுக்கிக் கிடந்தன.

"அண்ணே, இவ்ளோ கீதே!"

"கெடக்கட்டும்மா. நீ அழுது முடிச்சப்புறம் எடுத்துக்கலாம்."