லைல் மறைத்த மடு

இறந்துபோன நண்பன் லைலின் சாம்பல் பெட்டி ஆர்விட்டின் மடியில் இருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கண் டிரக்கின் ஜன்னலை விட்டு நகரவில்லை. உடைந்த பாலத்தில் இடது, எரிந்த பைன் மரத்தில் வலது என்று வழியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

பதினெட்டு வருடங்களாக ஊர் ட்ரவுட் மீன்பிடிச் சங்கத்தின் கோப்பை லைலுக்குத்தான். அதே பதினெட்டு வருடங்களாக இரண்டாமிடம் ஆர்விட்டுக்கு. பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி, ஆகவே படம்தான் சாட்சி. படத்தில் மிகப் பெரிய மீன் யார் கையில் இருக்கிறதோ, கோப்பை அவருக்கு.

"தனியாப் போனேன், தனியா வந்தேன்" என்பதற்கு மேல் லைல் வாயைத் திறந்ததில்லை. இரண்டு கையாலும் முழ நீள மீனை ஏந்திக்கொண்டு அவன் இளிக்கும் படங்களை ஆர்விட் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறான். பின்னால் தெரிந்த பாறையைத் தேடி மொன்டானா மாநிலத்தின் பாதி ஓடைகளில் முழங்கால் தேய அலைந்திருக்கிறான்.

இந்தப் பருவத்தோடு ஆற்றில் இறங்குவதை நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் ஆர்விட்டிடம் சொல்லிவிட்டார். கோப்பை கிடைத்தால் இந்த வருடம், இல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை.

சங்கத்தில் பன்னிரண்டு பேர் இருக்க, சாம்பல் கரைக்க லைலின் மனைவி மார்லிஸ் அவனை மட்டும்தான் கூப்பிட்டாள். உயிர் நண்பன் என்றால் சும்மாவா என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"சங்கத்துல இன்னும் இருக்கீங்கல்ல, ஆர்விட்?" என்று வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"சாகுற வரைக்கும் இருப்பேன்" என்றவன், மடியில் இருந்ததைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஓடை வளைவில் அந்த மடு பச்சையாகக் கிடந்தது. பக்கத்தில் படத்தில் பார்த்த அதே பாறை. ஆர்விட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி நண்பனுக்காக, பாதி பாறைக்காக.

மார்லிஸ் சாம்பலைத் தண்ணீரில் தூவி ஜெபம் சொன்னாள். அவள் 'ஆமென்' சொல்லி முடிப்பதற்குள் ஆர்விட் ரப்பர் கால்சட்டையை மாட்டியிருந்தான்.

"லைல் இதைத்தான் விரும்பியிருப்பான்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாமா. எல்லாச் சாவுலயும் இப்படிச் சொல்லிட்டுத்தான் அவங்கவங்க வேலையைப் பார்ப்பாங்க."

பத்தடி நீளத் தூண்டில் கோலை அவன் துண்டு துண்டாகச் செருகிப் பூட்டினான்.

"இத்துனூண்டு ஓடைக்கு எதுக்கு இவ்வளவு நீளம்?" என்றாள்.

"இதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா. பெரிய மீனு அக்கரையிலதான் நிக்கும். நீளக் கோல் இருந்தாத்தான் அங்க எட்டும்."

"சரி. நான் சாண்ட்விச் சாப்பிடறேன்."

இறகும் நூலும் சுற்றிக் கட்டிய, கட்டைவிரல் பருமனில் மீனை ஏமாற்றும் பொய் ஈ ஒன்றை நூலில் முடிந்தான். தடதடவென்று தண்ணீரில் இறங்கி இடுப்பளவு ஆழத்தில் நின்று அக்கரைக்கு வீசினான். ஈ விழுந்த சத்தத்தில் ஒரு வாத்து எழுந்து பறந்தது.

அடுத்த வீச்சு மரக்கிளையில் மாட்டியது. அதற்கடுத்தது அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. இப்படியே இரண்டு மணி நேரம் வீசிவிட்டு, கரையேறிக் கல்லில் சாய்ந்தான். அரைமணி நேரம் சிக்கிய நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இங்கயும் எனக்கு இல்லையா?" என்றான் கடைசியில். "அவன் என்னதான் செஞ்சான், மார்லிஸ்? எனக்கு இது கடைசி வருஷம். சொல்லித் தொலைங்களேன்!"

மார்லிஸ் மடியிலிருந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள். டிரக்கின் பின்னாலிருந்து ஏழடிக் குட்டிக் கோல் ஒன்றை எடுத்து வந்து, அரிசி அளவில் ஒரு கறுப்பு ஈயை முடிந்தாள்.

"நீங்க மிதிச்சுக்கிட்டு நின்னீங்களே, அங்கதான் மீன் இருந்துச்சு. இதுக்குள்ள திரும்பி வந்திருக்கும். பேசாம இருங்க."

கரையோரம் மண்டியிட்டு, ஓட்டத்துக்கு எதிராக மேல்பக்கம் மெல்லச் சுண்டினாள். ஈ சத்தமில்லாமல் விழுந்து, தண்ணீர் இழுத்த இழுப்புக்கு மிதந்து வந்தது. மூன்றாவது வீச்சில் மடு கலங்கியது, கோல் வளைந்தது.

மீன் ஓடியபோது நூலை விட்டுக்கொடுத்தாள், நின்றபோது சுற்றினாள். பத்து நிமிடத்தில் அது வலைக்குள் கிடந்தது. சங்கத்துச் சுவரில் மாட்டியிருந்த எந்தப் படத்து மீனையும்விடப் பெரிது.

ஆர்விட்டுக்கு வயிறு எரிந்தது. "உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்" என்று முனகினான். "என்ன பிரயோஜனம்? பொம்பளைங்களைத்தான் சங்கத்துல சேர்க்கறதில்லையே. வருஷ விருந்துக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டு வரதோட சரி."

"தெரியும். அந்தச் சாலட்டைக் கிண்டறதே நான்தானே."

வலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே அவன் கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து கேமராவை எடுத்தாள். ஆர்விட் மீனைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ம், தூக்கிப் பிடிங்க" என்றாள் மார்லிஸ், கேமராவில் கண்ணை வைத்தபடி. "முதல் தடவை லைலும் இப்படித்தான் முழிச்சாரு."