மாப்பிள்ளையின் உள்ளங்கை

மருதாணிக் கிண்ணம் மாப்பிள்ளை அறைப் பக்கம் வருவதைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா வடிவு எழுந்துவிட்டாள்.

காஞ்சிபுரத்து மண்டபம் முழுக்க நலங்குக் கூட்டம். மாப்பிள்ளை கையில் பெண்ணின் அம்மா மருதாணி வைத்தே ஆகவேண்டும் என்று தென்னேரியிலிருந்து வந்த பெண் வீட்டுப் பெரியம்மாக்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

அவள் மகன் விஷாலுக்கு மருதாணி ஆகாது. ஆறு வயதில் ஆசையாக வைத்துவிட்டதற்கு, இரண்டு நாளில் கண் மஞ்சளாகி, சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போனது. பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவு, சிலது பட்டால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும் என்றார் டாக்டர். பையனுக்கு இது அம்மா வழியாக வருவது என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வடிவு கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

பெண் வீட்டில் சொல்லிவிடலாம் என்று விஷால் தலைபாடாக அடித்துக்கொண்டான். வடிவுதான் அவன் வாயை அடைத்தாள். ஒதுக்க வேண்டியதை ஒதுக்கினால் அவன் நன்றாகத்தான் இருப்பான். ஆனால் ரத்தத்தில் கோளாறு என்று காதில் விழுந்தால் யார் பெண் கொடுப்பார்கள்?

இப்போது உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முந்தானையை முறுக்கி முறுக்கிப் புதுப்பட்டு கசங்கியதுதான் மிச்சம்.

சம்பந்தியம்மா நீலாம்பாள் ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் ஆரத்தித் தட்டுமாக உள்ளே வந்தாள். விஷால் கையை நீட்டாமல் அம்மாவைப் பார்த்தான்.

வடிவு குறுக்கே போய் நின்றாள்.

"அவனுக்கு மருதாணி சேராது சம்பந்தி. கை அரிக்கும்."

சொல்லும்போதே குரல் காட்டிக்கொடுத்தது.

நீலாம்பாள் அவளையே வெகுநேரம் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

நீலாம்பாள் கதவைச் சாத்தினாள். கிண்ணத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, ஆரத்தி கரைத்த சிவப்பு நீரில் விரலை முக்கி, மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தாள். "வச்சாச்சு!" என்று வெளியே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

பிறகு வடிவின் பக்கம் வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"பீரோவுல போடற பாச்சா உருண்டை, அதுவும் ஆகாதா இவருக்கு?"

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது இந்தக் குறையை அறிந்தவர்கள் மட்டும் கேட்கிற கேள்வி. ஆகாது என்று தலையை அசைத்தாள்.

"எனக்கு அப்பத் தெரியாதும்மா. மூத்தவன் பொறந்ததும், உருண்டை போட்டு பீரோவுல வச்சிருந்த பட்டுப் பொடவைய எடுத்துத்தான் அவனச் சுத்தி வச்சிருந்தேன். அவன் போனப்புறந்தான் டாக்டர் சொன்னாரு."

பெண் பார்த்த அன்று, தீபிகா ஒரே பிள்ளை என்றுதான் சொன்னார்கள்.

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். அப்படியானால் அவள் ரத்தத்திலும் இது இருக்கலாம்.

வெளியே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. வடிவு கதவைத் திறந்தாள்.

"தீபிகா, இப்படி உள்ள வாம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."