தாளில் இல்லாத குணம்

குளத்தில் கொக்கின் தொல்லை பொறுக்க முடியாமல் போனது. அதை எதிர்க்கும் படைக்கு ஆள் எடுக்கத் தவளை ஒரு குணத்தேர்வு வைத்தது. கொடுக்கன் என்ற நண்டு விடிந்ததுமே வந்து முதல் ஆளாக நின்றது. கொக்கு தினமும் இறங்குவது அதன் வளை வாசலில்தான். வளைக்குள் குஞ்சுகள் இருந்தன.

தவளை கேள்வித்தாளான தாமரை இலையைப் பார்த்துப் படித்தது. "எதிரியைக் கண்டால் முன்னே பாய்வாயா, பின்னே ஓடுவாயா?"

"பக்கவாட்டில் போவேனுங்க" என்றது நண்டு.

"முன்னே என்றால் வீரன், பின்னே என்றால் கோழை. பக்கவாட்டுக்கு இதில் இடமே இல்லையப்பா."

"பிறந்ததிலிருந்து அப்படித்தானுங்க போகிறேன்."

"அப்படியே வீட்டுக்கும் போ. அடுத்தது யார்?"

நண்டின் கண்கள் இரண்டும் தொங்கிவிட்டன. அடுத்து வந்த கெண்டைமீன், "முன்னே பாய்வேன்" என்று சொல்லித் தேர்வானது.

அந்த நேரம் பார்த்துக் கொக்கு வந்து இறங்கியது. கெண்டை சொன்ன சொல் தவறாமல் நேரே பாய்ந்தது. பாதி உடம்பு அலகுக்குள் போய்விட்டது. நண்டு பக்கவாட்டில் ஓடிக் கொக்கின் பின்னால் போய், காலைக் கவ்வி இறுக்கியது. கொக்கு அலறியதில் கெண்டை தண்ணீரில் விழுந்தது. கொக்கு நொண்டிக்கொண்டே பறந்துபோனது.

கேள்வித்தாளுக்கு அடியிலிருந்து தவளை மெல்லத் தலையை நீட்டியது.

"தேர்வில் நீ தோற்றது தோற்றதுதான். ஆனால் மறுதேர்வு வைக்கும்வரை இந்த இடத்தை விட்டு நகராதே" என்றது.

"பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாமுங்களா?" என்று கேட்டது நண்டு.